பாடி ஒரு நீலம், கை ஒரு நீலம்

கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் என்னை உட்கார வைத்து, வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். வலது கண்ணைத்தானே மூடச் சொன்னார்கள். இடது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. புதுக் கண் சும்மா இருக்குமா? அது எதிர்ச் சுவரைப் பார்த்தது.

சுவரில் ஒரு பெரிய படம். கட்டில் அகலம் இருக்கும். சிவப்பு ஒரு பக்கம், கடுகு மஞ்சள் ஒரு பக்கம், நடுவில் ஒரு கறுப்புக் கோடு சாய்வாக இறங்கி, கீழே வரை வராமல் பாதியில் நின்றிருந்தது.

பனியன் கம்பெனியில் குறை பார்த்த பழக்க தோஷம். இடது தோள்பட்டையிலிருந்து ஆரம்பித்தேன். மஞ்சள் சிவப்புக்குள் வழிந்திருக்கிறது, ஒரு குறை. கறுப்புக் கோடு முடியவில்லை, இன்னொரு குறை. வலது மூலையில் விரல் பட்ட தடம். அடியில் நூல் நூலாகச் சொட்டியிருக்கிறது. மொத்தம் ஒன்பது குறை எண்ணினேன். தயவு தாட்சண்யமில்லாமல் ரிஜெக்ட்.

ரிஜெக்ட் செய்வதற்கு முன்னால் சாம்பிளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். படத்துக்குப் பக்கத்தில் தேடினேன், பின்னால் திரும்பித் தேடினேன். சாம்பிள் எங்கேயும் தொங்கவில்லை.

டாக்டரம்மா வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

“டாக்டர், அந்தப் படத்துக்கு சாம்பிள் எங்க இருக்கு?”

“சாம்பிளுங்களா?”

“எதையோ பாத்துத்தானே இத வரைஞ்சிருப்பாக. அது மரமா, மனுசனா, என்னது?”

“எதையும் பாத்து வரையலீங்கம்மா. அதுக்கு சாம்பிள் கிடையாது. நான்தான் வரைஞ்சேன்.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். “ரொம்ப நல்லா இருக்கு டாக்டர்” என்றேன். குறையுள்ள பீஸைப் பாஸ் செய்தது என் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

சென்ற வாரம் என் வீட்டுக்காரர் செல்லத்துரை கண்ணை மூடியதை எழுதியிருந்தேன். படித்துவிட்டு அழுததாக நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். ஜெபக்கனி மாதிரி ஒரு மனைவி கிடைக்க அவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஒருவர். அவர் இதையும் கொஞ்சம் படித்துவிடுவது நல்லது.

குறை கண்டு பிழைத்தவள்

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து நானும் செல்லத்துரையும் திருப்பூருக்கு வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அவர் கட்டிங்கில் சேர்ந்தார். நான் செக்கிங்கில் சேர்ந்தேன். இருபத்தெட்டு வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தது குறை கண்டுபிடிப்பதற்குத்தான்.

தைத்த பனியனையும் டீ-சர்ட்டையும் டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று வரிசையாகக் கண்ணை ஓட்ட வேண்டும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அம்பின் முனை சரியாகக் குறையைத் தொடும்படி ஒட்ட வேண்டும். குறை இல்லையென்றால் நம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பலாம். ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர். நாளைக்கு அந்தப் பீஸ் திரும்பி வந்தால் யார் பாஸ் செய்தது என்று நம்பர் சொல்லிவிடும். என் நம்பர் முப்பத்தொன்று.

மேஜைத் தலைமாட்டில், சரக்கு வாங்கும் பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் ஒன்று தொங்கும். அதுதான் எங்களுக்கு வேதம். அதைப்போல இருந்தால் பாஸ். இல்லையென்றால் அம்பு.

இந்தப் புத்தி வேலையோடு நின்றிருந்தால் தேவலை. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முந்தானையில் இழை விட்டிருப்பதைச் சொல்லி அந்த வீட்டாரின் பகையைத் தேடிக்கொண்டேன். கோயிலில் ஜெபத்தின்போது பாஸ்டர் அங்கியின் அடிமடிப்பு பிரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொன்னேன். ஒருநாள் செல்லத்துரை சவரம் செய்துகொண்டு வந்து நின்றபோது, தாடைக்குக் கீழே விட்டுப்போன இடத்தில் விளையாட்டுக்கு ஓர் அம்பை ஒட்டிவிட்டேன். மனுஷன் அதோடு டீக்கடைக்குப் போய்விட்டார். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் பக்கத்து நாற்காலியில் மயிலாத்தாள். நல்லூர்க்காரி. என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவள். அவள் நம்பர் இருபத்துமூன்று. பதினான்கு வருஷம் ஒரே டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் கொண்டுவரும் அரிசிம்பருப்பு சாதத்துக்கு நான் கொண்டுபோகும் கருவாட்டைத் தொட்டுக்கொள்வோம்.

இந்த ஊர்க்காரர்கள் கோபத்துக்கும் ‘ங்க’ போடுவார்கள். ஒரு தடவை சூப்பர்வைசரிடம் மயிலாத்தாள், “உங்களுக்கு மூளைங்கறதே கெடையாதுங்க” என்று சொல்ல, அவரும் தலையாட்டிவிட்டு நாலு அடி நடந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அன்பையே அதட்டலாகத்தான் சொல்வோம். அவளிடம் திட்டு வாங்குவது எனக்குச் சுகமாக இருக்கும்.

இருபத்துமூன்று

ஐம்பதைத் தாண்டியதும் எனக்குக் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் காலண்டர். அப்புறம் ஊசி. அப்புறம் நேவி ப்ளூவுக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை செக்கர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. எனக்கு முன்னால் நிற்பவர்கள் எழுத்துகளைப் படிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, மனப்பாடம் செய்து, என் முறை வந்ததும் கணீரென்று ஒப்பித்தேன். சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்த பயிற்சி. உன் கண்ணுக்கு வயசே ஆகாது என்று பாராட்டு வேறு.

ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். செல்லத்துரைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வேலைக்காரர்களின் குடும்பத்துக்குக் கொடுக்கும் மருத்துவ அட்டையில்தான் அத்தனையும் நடந்தது. எனக்கு வேலை இருந்தால் அட்டை இருக்கும். அட்டை இருந்தால் செல்லத்துரை இருப்பார். இது எனக்கும் மயிலாத்தாளுக்கும் மட்டும் தெரியும் என்றில்லை, லைன் முழுக்கத் தெரியும். என் கண் விஷயம் மட்டும் மயிலாத்தாளுக்கும் தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருந்தாள்.

அன்றைக்கு நேவி ப்ளூ டீ-சர்ட். அவசர ஷிப்மெண்ட். பாதியில் என் நம்பர் ஸ்டிக்கர் ரோல் தீர்ந்துவிட்டது. ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

“இத ஒட்டுங்க்கா, எதுக்கு எந்திரிச்சுக்கிட்டு” என்று மயிலாத்தாள் தன் ரோலை என் பக்கம் தள்ளினாள். அப்படி வாங்கி ஒட்டக்கூடாது என்பது சட்டம். எல்லாரும் ஒட்டுவோம் என்பது நடைமுறை. மீதிப் பீஸ் அத்தனைக்கும் இருபத்துமூன்றை ஒட்டி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பெட்டிகள் திரும்பி வந்தன. மேனேஜர் டீ-சர்ட்களை எங்கள் மேஜையில் கொட்டினார். கட்டிங்கில் இரண்டு சாயத்துத் துணி ரோல்கள் கலந்து, பாடி என்கிற உடல் பாகத்துக்கு ஒன்றும் கைக்கு ஒன்றுமாகப் போயிருக்கின்றன. பாடி ஒரு நீலம், கை ஒரு நீலம். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் உச்சுக் கொட்டினேன். எனக்கு இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது.

“இருபத்துமூணு யாரு?” என்று மேனேஜர் கேட்டார்.

மயிலாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த பீஸை மடித்தேன். கை இரண்டையும் உள்ளே தள்ளி, அடியை மேலே கொண்டுவந்து, மிக ஒழுங்காக மடித்தேன். அவள் எழுந்து நின்றாள்.

“நானுங்க” என்றாள்.

அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, “போயிட்டு வாறனுங்க்கா” என்றாள். அவள் இரைந்திருந்தால், நாலு வார்த்தை ‘ங்க’ போட்டாவது திட்டியிருந்தால், நான் அங்கேயே உடைந்து ஒத்துக்கொண்டிருப்பேன். இப்படி இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

அதற்கப்புறம் ஏழு மாதம் செல்லத்துரை இருந்தார். சென்ற வாரம் எழுதினேனே, அதே ஏழு மாதம். அவர் தலையணை, அவர் கேட்ட மாங்காய் ஊறுகாய் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். மயிலாத்தாளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அவர் போன நாற்பதாம் நாள், கம்பெனிக் கண்ணாடிக் கதவைத் திறந்த கதவு என்று நினைத்து நேராகப் போய் மோதினேன். குட்டு வெளிப்பட்டது. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மணி பார்க்கக் கண் தெரியாதவளுக்குக் கடிகாரம். வரும்போது ரிஜெக்ட் மூட்டையிலிருந்து அந்த நேவி ப்ளூ டீ-சர்ட் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை.

ஒரு சாக்குக்காக

அதன்பின் ஒன்றரை வருஷம் வேலம்பாளையம் லைன் வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு கிடந்தேன். செல்லத்துரை இல்லாத வீட்டைப் பார்க்காமல் இருப்பதும் வசதியாகத்தான் இருந்தது. குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதான் அந்தப் படம், ஒன்பது குறை, சாம்பிள் விசாரணை எல்லாம்.

அன்று வலது கண்ணும் முடிந்தது. ஒரு வாரம் கழித்து, காலை வெயிலில் வாசல்படியில் உட்கார்ந்து அந்த டீ-சர்ட்டை விரித்தேன்.

கண்ணைக் குத்தியது. பாடி செம்மை கலந்த நீலம், கத்தரிப்பூவின் சாயல். கை பச்சை கலந்த நீலம், மயில் கழுத்தின் இருட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெண்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். செல்லத்துரைக்குக்கூட அப்படி அழவில்லை.

ஆனால் மனசு இருக்கிறதே, அது பெரிய வக்கீல். பத்து நிமிஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாதாட ஆரம்பித்தது. இது புதுக் கண், தேவைக்கு மேல் பார்க்கிறது. நிஜத்தில் இரண்டும் அவ்வளவு வித்தியாசமில்லை. யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். துணியில் பார்த்தால் தெரியாது, இரண்டு நீலத்தையும் பெரிதாக அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அப்படித்தான் ஸ்டேஷனரிக் கடைக்குப் போய்ப் பெயிண்ட் வாங்கினேன். மற்ற ஓவியர்கள் எல்லாம் எதற்காகப் பிரஷ்ஷை எடுத்தார்களோ தெரியாது. நான் ஒரு சாக்குக்காக எடுத்தேன்.

ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து உள்பக்கத்தில் பூசினேன். நீலத்தில் கறுப்பு, அதில் ஒரு சொட்டுச் சிவப்பு. பக்கத்தில் நீலத்தில் கறுப்பு, அதில் ஒரு சொட்டுப் பச்சை. சிவப்பு கூடினால் இரண்டும் எட்டிப் போய்விடும், அப்போது நான் குற்றவாளி. குறைந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், அப்போது நான் பொய்க்காரி. மறுபடி இன்னோர் அட்டை.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “செவுத்துக்கு அடிக்கறதுக்குப் பாக்கறீங்களாங்க?” என்றார்.

“இல்லம்மா, சும்மா.”

“சும்மாவா? ஊடு நம்முளுதுங்க. அடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுப்போடுங்க. இந்தக் கருநீலமெல்லாம் ஊட்டுக்கு ஆகாதுங்க.”

இதற்குள் எனக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் தாண்டியது தெரியவில்லை. பிரஷ்ஷை இழுக்கும்போது பெயிண்ட் கனமாக வந்து, போகப் போக மெலிந்து, ஓரத்தில் அட்டையின் பழுப்பு தெரிய நின்றுவிடும். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஒருநாள் சிவப்பு தவறிக் கொட்டிவிட்டது. கை தன்னால் அம்பு ஸ்டிக்கரைத் தேடியது. பிறகு நினைத்துக்கொண்டேன், இதற்குத்தான் சாம்பிள் கிடையாதே, எதைப் பார்த்து இதைக் குறை என்பது? டாக்டரம்மாவின் படத்தில் பாதியில் நின்ற கறுப்புக் கோடு அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அது முடியாமல் போகவில்லை. அங்கே நிற்க வேண்டும் என்று அவர் நிறுத்தியிருக்கிறார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதாத சொல். மயிலாத்தாளின் வேலையைத் தின்ற துணியை வைத்துக்கொண்டு எனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று அதற்கும் வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த அட்டையை எடுத்தேன்.

நாலு மாதம் கழித்து ஒருநாள் இரண்டு நீலமும் அச்சாக அமைந்துவிட்டன. டீ-சர்ட்டை மேலே வைத்தால் துணி எது பெயிண்ட் எது என்று தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இரண்டும் வேறு வேறு நீலம். பூசி மெழுக வழியே இல்லை.

அப்போதும் வக்கீல் விடவில்லை. கடைசி சாட்சியாக டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொன்னது. நிஜக் கேன்வாஸ் ஒன்று வாங்கி, அதே இரண்டு நீலத்தையும் மேலும் கீழுமாகப் பூசி, பஸ்ஸில் எல்லாரையும் இடித்துக்கொண்டு எடுத்துப்போனேன்.

“டாக்டர், உண்மையச் சொல்லுங்க. இது ரெண்டும் ஒரே நீலமா, வேற வேறயா?”

“வேற வேறைங்கம்மா.”

“ஆபரேஷனுக்கு முந்தி?”

“அப்ப உங்களுக்கு ரெண்டும் ஒரே கருப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். உங்க மேல தப்பில்லீங்க.” நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். “ஆனா கண்ணு மங்குதுன்னு அப்பவே யாருகிட்டயாவது சொல்லியிருக்கோணும்.”

நற்சான்றிதழ் கேட்கப் போனவளுக்கு அதுதான் கிடைத்தது. டாக்டரம்மாவோ என்னை விட்டுவிட்டு அந்தக் கேன்வாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனார், தள்ளி வந்தார். “இத இங்க மாட்டிக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

ஆணியில் தொங்கியபோது

கூடத்தில் அவர் படத்துக்கு எதிர்ச் சுவரில் என் படத்தை மாட்டினார்கள். ஆபரேஷன் ஆகாதவர்களுக்கு அதில் ஒரே கறுப்பு தெரிந்தது. “போர்டு மாட்டிட்டு எழுத மறந்துட்டாங்களாட்ட இருக்குது” என்றார் ஒருவர். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரண்டு நீலம் தெரிந்தது. அதனால் தினமும் சண்டை. புருஷனுக்கு ஆபரேஷன் முடிந்து பெண்டாட்டிக்கு முடியாத ஜோடி ஒன்று, “ரெண்டு”, “ஒண்ணு”, “ரெண்டுங்கறேன்” என்று டோக்கன் நம்பர் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் மோதிக்கொண்டது.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். படத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, கீழே கடல், மேலே வானம், இரண்டும் சேருமிடத்தில் மனிதனின் தனிமை என்று பக்கத்திலிருப்பவர்களுக்கு விளக்குவார். நான் நோயாளி மாதிரி மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அப்பாயின்ட்மெண்ட் எதுவும் இல்லை. புகழ்ச்சி கேட்கத்தான் போனேன். இருபத்தெட்டு வருஷத்தில் என் மேஜையைத் தாண்டிய எந்தப் பீஸைப் பார்த்தும் யாரும் மனிதனின் தனிமை என்று சொன்னதில்லை.

கேட்கக் கேட்க எனக்கும் அது கடலும் வானமுமாகத் தெரிய ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் நானே நம்பிவிடுவேன். இது என்ன என்று தெரிந்த ஆள் உலகத்தில் என்னைத் தவிர இன்னொருத்திதான் இருக்கிறாள். அவள் பார்க்காமல் ஊரே பார்த்து என்ன பிரயோஜனம்?

விசாரித்ததில் முதலிபாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் பிசிறு வெட்டுகிறாள் என்றார்கள். பதினான்கு வருஷம் செக்கராக இருந்தவள், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிறாள். பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு கேட் முன்னால் நின்றேன்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

“வாங்க்கா. சாப்ட்டீங்களா?”

மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை.

“கண்ணு ஆப்பரேசன் பண்ணுனீங்கன்னு சொன்னாங்க. இப்ப நல்லாத் தெரியுதுங்களா?”

“தெரியுது மயிலு. எல்லாம் தெரியுது.”

“அண்ணன் போனதுக்கு நான் வந்தனுங்க. நீங்க மயங்கிக் கெடந்தீங்க. பாத்துட்டுப் போயிட்டேன்.”

எனக்கு அது தெரியாது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“நான் ஒரு படம் வரைஞ்சிருக்கேன். கண் ஆஸ்பத்திரியில மாட்டியிருக்காக. நீ வந்து பாக்கணும்.”

“நீங்களா? என்ன படமுங்க?”

“நீயே பாத்துச் சொல்லு.”

கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்ப்பதைப்போல என்னைப் பார்த்தாள். “சனிக்கெழம மத்தியானம் லீவுங்க. வாறனுங்க” என்றாள்.

அம்பு

சனிக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு, தோளில் பையோடு வந்தாள். எது என் படம் என்று நான் காட்டவில்லை. காட்டவும் தேவைப்படவில்லை. கூடத்துக்குள் வந்தவள் டாக்டரம்மாவின் சிவப்பு மஞ்சளைத் தாண்டி நேராக அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

அவளுக்கும் வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரே கறுப்பு என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? கடல் என்று சொல்லிவிட்டால்? அப்புறம் நான் எங்கே போய் இதைச் சொல்வேன்?

அவள் இடது மேல் மூலையில் ஆரம்பித்தாள். கண் வலப்பக்கம் போனது, இறங்கியது, திரும்பியது. கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு. இரண்டு நீலமும் சேரும் இடத்துக்கு வந்ததும் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

“ரோலு மாறியிருக்குதுங்க” என்றாள். “பாடி ஒரு லாட்டு, கை ஒரு லாட்டு.”

வாத்தியார் அன்றைக்கும் வந்திருந்தார். “அப்படியில்லம்மா, அது கடலும் வானமும்...” என்று ஆரம்பித்தார்.

“நீங்க சித்த சும்மா இருங்க சார். இது டீ-சர்ட்டுங்க.”

பையிலிருந்து போனை எடுத்தாள். பின் உறைக்குள் ஒரு துண்டு ஸ்டிக்கர் இருந்தது. பிசிறு வெட்டுகிறவளுக்கு எதற்கு அம்பு? ஆனாலும் வைத்திருந்தாள். நகத்தால் ஒன்றை உரித்து, கட்டை விரலால் அழுத்தி, முனை சரியாக இரண்டு நீலமும் சேரும் கோட்டைத் தொடும்படி ஒட்டினாள். பிறகு நான்கு மூலையிலும் தேடினாள்.

“நம்பர் இல்லீங்களே” என்றாள், படத்தைப் பார்த்தபடியே. “இத யாரு பாஸ் பண்ணுனது?”

மூன்று வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் உட்கார்ந்துதான் இருந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“முப்பத்தொண்ணு.” மறுபடி சொன்னேன். “முப்பத்தொண்ணு, மயிலு. என் நம்பரு. அன்னைக்கு ஒட்டுனது உன் ரோலு. பாத்தது என் கண்ணு. நான் எந்திரிச்சிருக்கணும்.”

கூடத்தில் டோக்கனோடு இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களும் பார்த்தார்கள்.

பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். இந்த ஊர் மரியாதைக்கு அதைத்தான் சொல்வார்கள்.

“ஆமாங்க” என்றாள் மயிலாத்தாள். “எந்திரிச்சிருக்கோணும்.”

வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய மேஜையில் உட்காரும் அதே பக்கம்.

“அண்ணனுக்கு அட்டை வேணும்னுதான் நான் பேசாம இருந்தனுங்க. அதுக்கு நான் வருத்தப்படலீங்க. ஆனா அண்ணன் போனதுக்கப்பறமாவது ஒருக்கா வருவீங்கன்னு பாத்தனுங்க. கேட்டுல பெல் அடிக்கறப்பெல்லாம் எட்டிப் பாப்பேன். மூணு வருசமுங்க்கா.”

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் கண்ணைக் கசக்கித் துடைத்தேன். சொட்டு மருந்தோடு வந்த நர்ஸ், “ஆப்பரேசன் பண்ணுன கண்ணுங்க, அப்படிக் கசக்காதீங்க” என்று என் கையைப் பிடித்து விலக்கிவிட்டுப் போனார். மயிலாத்தாள் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

“நம்பரை எழுதுங்க.”

படத்தின் கீழ் மூலையில், ஓவியர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில், 31 என்று எழுதினேன். வாத்தியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தார். அது வயசைக் குறிக்கிறதா, வசனத்தைக் குறிக்கிறதா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

திங்கட்கிழமை கூடத்தைச் சுத்தம் செய்யும் அம்மா, படத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று அம்பை உரித்து எறிந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. மயிலாத்தாளுக்கு போன் போட்டேன்.

“அதெப்படிங்க குறையை அப்படியே உட்டுப்போடறது” என்றாள். “சனிக்கெழம வாறனுங்க. வேற படம் இருந்தாலும் கொண்டாங்க, அதையும் பாத்துப்போடலாம்.”

“அதுக்கெல்லாம் சாம்பிள் கிடையாதே மயிலு.”

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“சாம்பிள் வேண்டாங்க்கா” என்றாள். “நாம ரெண்டு பேரும் இருக்கறமல்லங்க.”